மெடிக்கல் டோசிமெட்ரி கிராஜுவேட் சர்டிபிகேட்: சி.எம்.டி. தேர்வுக்கு இது போதுமா? எதைப் பார்த்துச் சேரணும்?

பானு_என்ஜே எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். சென்னையில பி.எஸ்சி. (மூணு வருஷம்), எம்.எஸ்சி. ரெண்டுமே இயற்பியல். இப்போ நியூ ஜெர்சியில எச்-4 (துணைவர் விசா), ஈ.ஏ.டி. (வேலை அனுமதி) இருக்கு. புற்றுநோய்க் கதிர்வீச்சு சிகிச்சையில டோசிமெட்ரிஸ்ட் (கதிரை எங்க, எவ்வளவு கொடுக்கணும்னு கணினியில பிளான் போடுறவர்) வேலைக்குப் போகலாம்னு பார்க்கிறேன். சில இடத்துல ஒரு வருஷ கிராஜுவேட் சர்டிபிகேட், சில இடத்துல ரெண்டு வருஷ எம்.எஸ். என் கேள்விகள்:

சர்டிபிகேட் மட்டும் இருந்தா சி.எம்.டி. (டோசிமெட்ரிஸ்ட் சான்று) தேர்வு எழுத விடுவாங்களா? சேர்றதுக்கு முன்னாடி அந்தக் கல்லூரிகிட்ட என்னென்ன கேட்கணும்? இயற்பியல் படிச்சவங்க எங்க தடுமாறுவாங்க? பாடம்னு எடுத்துக்கிட்டா உண்மையில எதைத்தான் கத்துக்கொடுப்பாங்க?

விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

கோபால்டு60 எழுதியது:

சர்டிபிகேட் போதும். எம்.எஸ். கட்டாயமில்லை. சி.எம்.டி. தேர்வை நடத்துவது எம்.டி.சி.பி. என்ற சான்றளிப்பு வாரியம். அது இரண்டைக் கேட்கிறது: இளநிலைப் பட்டம் ஒன்று, ஜே.ஆர்.சி.இ.ஆர்.டி. (கதிர்வீச்சுத் துறைப் படிப்புகளை அங்கீகரிக்கும் அமைப்பு) அங்கீகாரம் பெற்ற, குறைந்தது 12 மாதம் நடக்கும் டோசிமெட்ரி படிப்பு ஒன்று. படிப்பின் பெயர் சர்டிபிகேட்டா எம்.எஸ்.ஸா என்பது அங்கே எடுபடாது. மருத்துவமனையிலேயே வேலை பார்த்துக்கொண்டு கற்று, அந்த அனுபவத்தைக் காட்டித் தேர்வு எழுதும் வழி 2016 முடிவோடு மூடப்பட்டுவிட்டது. 2017 முதல் அங்கீகாரம் பெற்ற படிப்பு மட்டுமே வழி. பழைய பதிவுகளைப் படித்துவிட்டு "ஏதாவது ஒரு ஆஸ்பத்திரியில் டிரெய்னியாகச் சேர்ந்தால் போதும்" என்று இன்னும் சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள்.

ஆகவே பணம் கட்டும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை, ஜே.ஆர்.சி.இ.ஆர்.டி. இணையதளத்தில் அந்தப் படிப்பு இருக்கிறதா என்று நீங்களே தேடுவது. கல்லூரியின் சொந்தப் பக்கத்தில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். ஒரே கல்லூரியில் ரேடியோகிராபி படிப்புக்கும் ரேடியேஷன் தெரபி படிப்புக்கும் அங்கீகாரம் இருக்கும், டோசிமெட்ரிக்கு இருக்காது. இவை தனித்தனி அங்கீகாரங்கள். "அங்கீகாரத்துக்கு விண்ணப்பித்திருக்கிறோம்" என்ற வரி கண்ணில் பட்டால், நீங்கள் முடிக்கும் தேதியில் நிலை என்னவாக இருக்கும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு படிப்பும் மூன்று விவரங்களைப் பொதுவில் காட்டியாக வேண்டும்: முதல் முயற்சியில் தேர்ச்சி பெற்றோர் விகிதம், 12 மாதத்துக்குள் வேலை கிடைத்தோர் விகிதம், சேர்ந்தவர்களில் முடித்தோர் விகிதம். பலரும் முதல் இரண்டைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். நான் மூன்றாவதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். 8 பேர் சேர்ந்து 5 பேர் முடித்து 5 பேரும் தேர்ச்சி என்றால் தேர்ச்சி 100 சதவீதம் என்றுதான் வரும். விட்டுப்போன 3 பேர் அந்தக் கணக்கில் இல்லை.

உங்கள் மூன்று வருட பி.எஸ்சி. பற்றி: வெளிநாட்டுப் பட்டத்தை மதிப்பீடு செய்யும் நிறுவனங்கள் எல்லாம் ஒரே மாதிரி முடிவு சொல்வதில்லை. சில, மூன்று வருடப் பட்டத்தை அமெரிக்க இளநிலைக்குச் சமமாக ஏற்காது. எம்.எஸ்சி.யையும் சேர்த்து, பாடவாரியாக மதிப்பீடு செய்யும் அறிக்கை வாங்குங்கள். பட்டத்தை மட்டும் சொல்லும் பொது அறிக்கை வேண்டாம். இயற்பியல் இரண்டு செமஸ்டர் ஆய்வகத்தோடு, கணிதம், உடற்கூறியல் - உடலியங்கியல் என்று முன்தேவைகள் இருக்கும். இயற்பியல் பட்டதாரிக்கு இல்லாமல் போவது எப்போதும் அந்தக் கடைசிப் பாடம்தான். கம்யூனிட்டி காலேஜில் ஆய்வகத்தோடு எடுத்துவிடலாம். ஆனால் செமஸ்டர் கணக்கில் அது சில மாதம் பிடிக்கும், விண்ணப்பக் கெடுவுக்கு முன் தொடங்குங்கள்.

எம்.எஸ்.ஸா சர்டிபிகேட்டா என்றால்: பல இடங்கள் எம்.எஸ்.ஸுக்கு மாறியிருக்கின்றன. விஸ்கான்சின் லா க்ராஸிலும் கார்பன்டேல் சதர்ன் இல்லினாயிலும் எம்.எஸ்.தான். பின்னாளில் கற்பிக்கவோ நிர்வாகத்துக்கோ போகும் எண்ணம் இருந்தால் எம்.எஸ். உதவும். உங்களிடம் ஏற்கெனவே ஒரு முதுநிலை இருப்பதால், அங்கீகாரமுள்ள நல்ல சர்டிபிகேட் கிடைத்தால் இன்னொரு எம்.எஸ்.ஸுக்குக் கூடுதல் ஒரு வருடமும் கட்டணமும் செலவழிக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. மாணவர் விசாவில் வரும் யாராவது இதைப் படித்தால் ஒன்று: ஸ்டெம் ஓ.பி.டி. (படிப்புக்குப் பின் வேலை பார்க்கும் அனுமதி) நீட்டிப்பு பட்டத்துக்குத்தான் உண்டு, சர்டிபிகேட்டுக்கு இல்லை. உங்களுக்கு ஈ.ஏ.டி. இருப்பதால் அந்தச் சிக்கல் வராது.

---

ஐசோசென்டர் எழுதியது:

கோபால்டு சார் சொன்னதோட ஒண்ணு சேர்க்கிறேன். அங்கீகாரம் இருக்கான்னு பார்த்தாச்சுன்னா, அடுத்து கிளினிக்கல் எந்த ஆஸ்பத்திரியில்னு பாருங்க. ஒரு வருஷத்துல பெரும்பகுதி நேரம் அங்கதான். வகுப்பு ஆன்லைன்ல இருக்கலாம், கிளினிக்கல் ஆன்லைன்ல கிடையாது.

கேட்க வேண்டியது: இடத்தை கல்லூரி தருமா, நாமே தேடிக்கணுமா? நாமே தேடணும்னா, கல்லூரிக்கும் மருத்துவமனைக்கும் ஒப்பந்தம் கையெழுத்தாக மாதக்கணக்குல ஆகும். அந்த இடத்துல எந்த பிளானிங் மென்பொருள்: எக்லிப்ஸா, ரேஸ்டேஷனா, மொனாக்கோவா? மாணவருக்குத் தனி லாகின் உண்டா, இல்ல அடுத்தவர் தோளுக்குப் பின்னால நின்னு பார்க்கணுமா? பிராக்கிதெரபி (கதிர் சோர்ஸை உடம்புக்குள்ள வெச்சுக் கொடுக்கிற சிகிச்சை) நடக்குதா, அதை யார் பிளான் பண்றாங்க? பல இடங்கள்ல எச்.டி.ஆர். (அதுல டோஸை வேகமா கொடுக்கிற வகை) முழுக்க மெடிக்கல் பிசிசிஸ்ட் (மருத்துவ இயற்பியலாளர்) கையில. மாணவர் கதவுக்கு வெளியே நிற்பார். ஆனா தேர்வுல அதோட சோர்ஸான இரிடியம்-192 பத்திக் கேள்வி வரும். அரை ஆயுள் சுமார் 74 நாள், அதாவது சோர்ஸ் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 1 சதவீதம் குறையும், அதுக்கேத்த மாதிரி சிகிச்சை நேரம் கூடும். இதைக் கண்ணால பார்த்தவங்களுக்கு மறக்காது.

ஒரே மாதிரி நோயாளிகள் வர்ற சின்ன மையமா இருந்தா மார்பகமும் பிராஸ்டேட்டும்தான் திரும்பத் திரும்ப வரும். தலை - கழுத்து, நுரையீரல் எஸ்.பி.ஆர்.டி. (சில தடவையிலேயே அதிக டோஸ் கொடுக்கிறது), மூளை, குழந்தைகளுக்கான கிரேனியோஸ்பைனல் (மூளை - தண்டுவடம் முழுக்கக் கொடுக்கிறது), இதெல்லாம் எங்க பார்ப்பீங்கன்னு கேளுங்க. ரெண்டு இடத்துக்கு மாத்தி அனுப்புற படிப்புகள் இருக்கு, அதுதான் நல்லது.

இயற்பியல்காரங்க தடுமாறுறது குறுக்குவெட்டு உடற்கூறியல்ல. சி.டி. படத்துல ஆப்டிக் கயாஸம் (பார்வை நரம்புகள் சந்திக்கிற இடம்) எங்கன்னு எம்.ஆர்.ஐ. இல்லாம தேடச் சொன்னா திணறுவாங்க. பிரேக்கியல் பிளெக்ஸஸ் (கைக்குப் போற நரம்புப் பின்னல்) அதைவிட மோசம். தண்டுவடத்தை வரையச் சொன்னா எலும்புக் குழாய் முழுசையும் வரைவாங்க. நுரையீரலுக்கு ஆட்டோ வரைவு போட்டுட்டு, மூச்சுக்குழாய்க் காற்றும் அதுல சேர்ந்திருக்கறதைக் கவனிக்க மாட்டாங்க.

மலக்குடல் கதை தனி. அது இஸ்கியல் டியூபராசிட்டி (உட்காரும் எலும்பு) மட்டத்துலேர்ந்து சிக்மாய்டு (பெருங்குடலோட கடைசி வளைவு) திரும்புற இடம் வரைக்கும். மேல நாலு ஸ்லைஸ் கூட வரைஞ்சா மொத்தக் கன அளவு கூடும், டோஸ் வாங்கின அளவு அப்படியே இருக்கும். அப்போ 70 கிரே (டோஸை அளக்கிற அலகு) வாங்கின சதவீதம் தானா குறையும். 20 சதவீத வரம்பைத் தாண்டின பிளான் திடீர்னு "பாஸ்" ஆயிடும். நோயாளியோட மலக்குடலுக்கு எதுவும் மாறலை, நம்ம காகிதம் மட்டும் அழகாயிருக்கு. டி.வி.எச். (உறுப்போட எவ்வளவு பங்கு எவ்வளவு டோஸ் வாங்குதுன்னு காட்டுற) வரைபடத்தைப் பார்க்கிறதுக்கு முன்னாடி வரைவைப் பாருங்கன்னு நல்ல பிரிசெப்டர் (கிளினிக்கல்ல சொல்லித்தர்றவர்) முதல் வாரமே சொல்லுவார்.

---

டிவிஎச்_தோழன் எழுதியது:

என்ன கற்றுக்கொடுப்பார்கள் என்ற கேள்விக்கு நான் விரிவாகச் சொல்கிறேன்.

வேலை ஓடும் வரிசை இப்படி: நோயாளியை சிகிச்சையில் படுக்கும் அதே நிலையில் படுக்கவைத்து சி.டி. சிமுலேஷன், பெரும்பாலும் 2 முதல் 3 மி.மீ. ஸ்லைஸ். படம் பிளானிங் கணினிக்கு வரும். எம்.ஆர்.ஐ., பெட் படங்களைப் பொருத்துவது, பாதுகாக்க வேண்டிய உறுப்புகளை வரைவது டோசிமெட்ரிஸ்ட் வேலை. கட்டியை மருத்துவர் வரைவார். அதன்மேல் பி.டி.வி. (பாதுகாப்பு ஓரத்தோடு சேர்த்துக் கதிர் கொடுக்க வேண்டிய பகுதி) ஓரம் சேரும். பிறகு பிளான், மருத்துவர் ஒப்புதல், பிசிசிஸ்ட் சரிபார்ப்பு, ஏரியா அல்லது மொசைக் என்ற மென்பொருளில் பதிவு. மென்பொருளில் எந்தப் பொத்தான் எங்கே என்பதை ஒரு மாதத்தில் பழகிவிடலாம். மீதி மாதங்கள் எதற்கு என்றால், கணினி தரும் எண் தவறு என்று கண்டுபிடிக்கும் கண் வர.

அந்தக் கண் கைக்கணக்கிலிருந்துதான் வரும். தேர்விலும் கைக்கணக்கு உண்டு. ஓர் எடுத்துக்காட்டு: 6 எம்.வி. கதிர், எதிரெதிர் இரண்டு புலம், சமப் பங்கு, ஐசோசென்டர் (இயந்திரம் சுற்றும் மையப்புள்ளி) 100 செ.மீ., நாளொன்றுக்கு 200 சென்டிகிரே. ஒரு புலத்துக்கு 100. புலம் 10க்கு 10, ஆழம் 10 செ.மீ., டி.எம்.ஆர். (அந்த ஆழத்து டோஸுக்கும் உச்ச டோஸுக்கும் உள்ள விகிதம்) 0.78 என்று வைத்துக்கொள்வோம். இயந்திரம் எஸ்.எஸ்.டி. (கதிர் மூலத்திலிருந்து தோல்வரை தூரம்) 100 செ.மீ.யில், 1.5 செ.மீ. ஆழத்தில், ஓர் எம்.யூ.வுக்கு (இயந்திரம் கதிரை எண்ணும் அலகு) 1 சென்டிகிரே என்று அளவுதிருத்தப்பட்டிருக்கிறது. அப்படியானால் தலைகீழ் வர்க்கக் காரணி 101.5ஐ 100ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 1.030. எம்.யூ. = 100 ÷ (0.78 × 1.030) = 124. அந்தக் காரணியை மறந்தால் 128 வரும், நோயாளிக்கு 3 சதவீதம் கூடுதல். மாணவர் பாதிப் பேர் இங்கேதான் விடுவார்கள், ஏனென்றால் அளவுதிருத்தம் எஸ்.எஸ்.டி. முறையிலா எஸ்.ஏ.டி. (மூலத்திலிருந்து மையப்புள்ளிவரை தூரம்) முறையிலா என்று கேள்வியில் ஒரே ஒரு சொல்லாகத்தான் இருக்கும். எஸ்.ஏ.டி. கணக்குக்கு பி.டி.டி. (எஸ்.எஸ்.டி. முறைக்கான ஆழ டோஸ் சதவீத) அட்டவணையை எடுப்பது இன்னொரு வழக்கமான தவறு. வெட்ஜ் (கதிரின் வழியில் வைக்கும் ஆப்பு) காரணி 0.70 என்று இருக்க, அதை விட்டுவிட்டால் 30 சதவீதம் குறைவாகப் போகும். வெட்ஜ் இல்லாத புலத்தில் அதைச் சேர்த்துவிட்டால் 43 சதவீதம் அதிகம். இரண்டாவதுதான் ஆபத்தானது.

இடைவெளிக் கணக்கு: பக்கத்துப் பக்கத்தில் 40 செ.மீ., 20 செ.மீ. நீளப் புலங்கள், இரண்டும் எஸ்.எஸ்.டி. 100, 5 செ.மீ. ஆழத்தில் சந்திக்க வேண்டும். பாதி நீளத்தை ஆழத்தால் பெருக்கி எஸ்.எஸ்.டி.யால் வகுத்தால் 1.0, 0.5. ஆக, தோலில் 1.5 செ.மீ. இடைவெளி. அதைவிடக் குறைவாக விட்டால், தண்டுவடம் இருக்கும் ஆழத்தில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்.

பிளானிங்கில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகளைச் சொல்கிறேன். பி.டி.வி. தோல்வரை நீண்டிருக்கும்போது அதை 3 முதல் 5 மி.மீ. உள்ளே வெட்டாமல் ஆப்டிமைஸ் செய்வது. 6 எம்.வி.க்கு டோஸ் உச்சத்துக்கு வர 1.5 செ.மீ. வேண்டும், தோலில் இயல்பாகவே குறைவு. கணினிக்கு அது தெரியாது. 95 சதவீதம் கொடு என்று சொன்னோம் அல்லவா, தோலருகே கதிரைக் கொட்டும். எம்.யூ. ஏறும், திரையில் அதிக டோஸைக் காட்டும் சிவப்புத் திட்டுகள் வரும். மாணவர் சிவப்புத் திட்டைக் குறைக்கப் புதிது புதிதாகக் கட்டுப்பாடு போட்டுக்கொண்டே போவார். காரணம் முதல் படியிலேயே இருக்கிறது.

அடுத்து, கொலிமேட்டரை (கதிர்ப் புலத்துக்கு வடிவம் தரும் பகுதி) 0 டிகிரியில் விட்டு விமேட் (இயந்திரம் சுற்றிக்கொண்டே கதிர் கொடுக்கும் முறை) போடுவது. கொலிமேட்டரின் உலோக இலைகளுக்கு நடுவில் கசியும் கதிர், கேன்ட்ரி (இயந்திரத்தின் சுழலும் கை) சுற்றும்போதெல்லாம் ஒரே தளத்தில் விழுந்து சேரும். 10 முதல் 30 டிகிரி வரை திருப்பினால் அது பரவிப்போகும். மில்லெனியம் வகை இலைகள் அவற்றைத் தாங்கும் ஒரு வண்டியிலிருந்து 15 செ.மீ.க்கு மேல் விரியாது. தலை - கழுத்தில் ஜாவை (புலத்தின் எல்லையை அமைக்கும் தடுப்பு) 20 செ.மீ. திறந்து வைத்துவிட்டு, ஏன் நடுவில் கட்டுப்படவில்லை என்று தேடுவதில் பயனில்லை. புலத்தைக் குறுக்கி, ஆர்க்குகளைப் பங்கிட்டுக்கொடுக்க வேண்டும்.

பல்லில் அடைத்த உலோகத்தின் கோடுகளுக்கு ஹௌன்ஸ்ஃபீல்டு எண்ணை (சி.டி.யில் அடர்த்தியைக் காட்டும் எண்) மாற்றி எழுதாதது, படுக்கைப் பலகையைப் பிளானில் சேர்க்காதது, சின்னக் கட்டிக்கு 2.5 மி.மீ. கணக்குக் கட்டத்தையே வைத்திருப்பது: இவையும் உண்டு. ஒவ்வொன்றும் சிறிதாகத் தெரியும், ஒன்றுசேர்ந்தால் கியூ.ஏ. (தரச் சோதனை) தோற்கும்.

வரம்புகளை மனப்பாடம் செய்வதும் தவிர்க்க முடியாதது. தண்டுவடம் உச்சம் 45 முதல் 50 கிரே, மூளைத்தண்டு 54, இரண்டு பக்கமும் சேர்த்துப் பரோடிட் (கன்னத்து உமிழ்நீர்ச் சுரப்பி) சராசரி 25க்குள், நுரையீரலில் 20 கிரே வாங்கும் பங்கு 30 முதல் 35 சதவீதத்துக்குள். இவற்றின் அடிப்படை 2010இல் வந்த குவான்டெக் என்ற உறுப்பு வரம்புத் தொகுப்பு. அதிலுள்ள எண்கள் பெரும்பாலும் நாளொன்றுக்கு 2 கிரே அளவில் கொடுத்த சிகிச்சைக்கானவை. எஸ்.பி.ஆர்.டி.க்கு அப்படியே எடுத்துப் போடக்கூடாது. அதற்கு டி.ஜி.-101 என்ற அறிக்கையின் அட்டவணை தனியாக இருக்கிறது.

---

பானு_என்ஜே எழுதியது:

மூணு பேருக்கும் ரொம்ப நன்றி. டிவிஎச்_தோழன் சார், முன்னாடியே சிகிச்சை எடுத்தவங்களுக்கு டோஸைக் கூட்டிப் பார்க்கிறதுன்னு எங்கேயோ படிச்சேன். வரம்பு 2 கிரே கணக்குன்னா, பழைய டோஸ் வேற அளவுல கொடுத்திருந்தா எப்படிக் கூட்டுவாங்க?

கோபால்டு சார்கிட்ட ரெண்டு கேள்வி. இந்தச் சர்டிபிகேட்டை வெச்சுப் பின்னாடி மெடிக்கல் பிசிசிஸ்ட் ஆக முடியுமா? ஊருக்குத் திரும்பினா செல்லுபடியாகுமா?

---

டிவிஎச்_தோழன் எழுதியது:

நேரடியாகக் கூட்டக் கூடாது. முதுகெலும்புக்கு முன்பு 10 நாளில் 30 கிரே கொடுத்திருக்கிறார்கள் என்று வையுங்கள், நாளுக்கு 3. தண்டுவடத்துக்கு ஆல்ஃபா/பீட்டா (நாளொன்றின் டோஸ் அளவு திசுவை எவ்வளவு பாதிக்கும் என்று காட்டும் எண்) 2 என்று எடுத்தால், 2 கிரே சமானம் = 30 × (3+2) ÷ (2+2) = 37.5. வரம்பு 50 என்றால் மிச்சம் 12.5தான். 30ஐ அப்படியே கழித்தவர் 20 மிச்சம் என்று நினைப்பார். 7.5 கிரே வித்தியாசம், அதுவும் தண்டுவடத்தில். இடையில் கழிந்த மாதங்களில் திசு எவ்வளவு தேறியிருக்கும் என்று எடைபோட்டு வரம்பைத் தளர்த்துவது மருத்துவர் முடிவு. டோசிமெட்ரிஸ்ட் அதைத் தானாகச் சேர்க்கக்கூடாது.

இதைவிட முக்கியம், முன்பு சிகிச்சை நடந்ததா என்று கேட்டு, பழைய பிளான் கோப்பை வரவழைப்பது. "இடுப்பில் கொடுத்தார்கள்" என்று நோயாளி சொல்வதை வைத்துப் பிளான் போடவே கூடாது.

---

கோபால்டு60 எழுதியது:

முதல் கேள்விக்கு: இந்தச் சர்டிபிகேட் வழியாக முடியாது. அமெரிக்காவில் பிசிசிஸ்ட் ஆக ஏ.பி.ஆர். என்ற சான்றளிப்பு வாரியத்தின் தேர்வு வேண்டும். அதற்கு கேம்பெப் (மெடிக்கல் பிசிக்ஸ் படிப்புகளை அங்கீகரிக்கும் அமைப்பு) அங்கீகாரம் பெற்ற படிப்பும், அதன்பின் கேம்பெப் ரெசிடென்சியும் தேவை. 2014 முதல் ரெசிடென்சி இல்லாமல் வழியே இல்லை. "மெடிக்கல் பிசிக்ஸ் சர்டிபிகேட்" என்று ஒன்று இருக்கிறது, அது இயற்பியலில் பி.எச்.டி. முடித்தவர்களுக்கானது. பெயர் ஒத்திருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொண்டு விண்ணப்பிப்பவர்கள் உண்டு. எந்த அமைப்பின் அங்கீகாரம் என்று பாருங்கள்: ஜே.ஆர்.சி.இ.ஆர்.டி. என்றால் டோசிமெட்ரி, கேம்பெப் என்றால் பிசிக்ஸ். உங்கள் மனம் பிசிசிஸ்ட் பக்கம் சாய்கிறது என்றால் இதில் ஒரு வருடம் செலவழிக்காமல் இப்போதே அந்த வழியைப் பாருங்கள்.

இந்தியாவைப் பொறுத்தவரை பிளானிங்கைப் பெரும்பாலும் மெடிக்கல் பிசிசிஸ்ட்தான் செய்கிறார். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் கேட்பதும் அவருடைய தகுதியைத்தான்: பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் டிப்.ஆர்.பி. போல எம்.எஸ்சி. இயற்பியலுக்குப் பிந்தைய டிப்ளமோ, அல்லது அண்ணா பல்கலைக்கழகத்திலும் வேலூர் சி.எம்.சி.யிலும் இருப்பது போன்ற எம்.எஸ்சி. மெடிக்கல் பிசிக்ஸ், அதோடு மருத்துவமனையில் ஓராண்டு இன்டர்ன்ஷிப். சி.எம்.டி. இவற்றுக்கு ஈடாகாது. பிளான் போடும் திறமைக்கு மதிப்பு இருக்கும், ஆனால் பிசிசிஸ்ட் பதவிக்கு அது தகுதிச் சான்று ஆகாது. ஊர் திரும்பும் எண்ணம் உறுதியாக இருந்தால் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

---

ஐசோசென்டர் எழுதியது:

பானு, விண்ணப்பத்துக்கு முன்னாடி ஒரு டோசிமெட்ரிஸ்ட் பக்கத்துல உட்கார்ந்து ஒரு நாள் பார்க்கணும்னு பல படிப்புகள் கேட்கும். கேட்காட்டியும் போங்க. பக்கத்துப் புற்றுநோய் மையத்துக்கு போன் பண்ணி சீஃப் டோசிமெட்ரிஸ்ட் இல்லன்னா சீஃப் பிசிசிஸ்ட் பேரைக் கேட்டு மெயில் அனுப்புங்க. தடுப்பூசிப் பதிவு, நோயாளி ரகசியம் காப்பேன்னு கையெழுத்து, இது ரெண்டும் கேட்பாங்க, தயாரா வெச்சுக்கங்க.

அங்க போனா திரையில ஓடுற பிளானை மட்டும் பார்க்காதீங்க. ஒரு பிளானுக்கு எத்தனை தடவை போன் அடிக்குது, டாக்டர் மதியம் மூணு மணிக்கு வரைவை மாத்தினா என்ன நடக்குதுன்னு பாருங்க. நாள் முழுக்க இருட்டு அறையில ரெண்டு திரை முன்னாடி உட்காரணும், நோயாளியைப் பார்க்கிறது பெரும்பாலும் சிமுலேஷன் நேரத்துல மட்டும்தான். நோயாளியோட பேசிப் பழகுறதுதான் உங்களுக்குப் பிடிச்ச வேலைன்னா ரேடியேஷன் தெரபிஸ்ட் படிப்பு உங்களுக்குப் பொருந்தலாம், அதையும் அதே நாள்ல லினாக் (கதிர் கொடுக்கிற இயந்திரம்) பக்கம் போய்ப் பார்த்துட்டு வந்துடுங்க. முன்கூட்டியே மெயில்லயே கேட்டுட்டா அரை நாள் அங்க, அரை நாள் இங்கன்னு ஏற்பாடு பண்ணித் தருவாங்க.